ஜீன் போடாத செல்

உட்காருங்க சார், உட்காருங்க. இந்தப் பக்கம் ஃபேனுக்குக் கீழ வந்துடுங்க, அங்க வெயில் அடிக்கும். பாப்பா வெளியவே இருக்கட்டும். வராந்தாவுல பெஞ்சு கிடக்குல்ல, உட்கார்ந்திருக்கும். அதோட மார்க்கெல்லாம் பார்த்துட்டேன், ரொம்பத் திருப்தி. அதுகிட்ட எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. உங்ககிட்டதான் பேசணும்.

பிஎச்டிங்கறது காலேஜ் அட்மிஷன் மாதிரி இல்லை சார். பொண்ணைக் குடுக்கற மாதிரி. குடும்பத்தைப் பார்த்துத்தானே குடுப்பீங்க? நானும் குடும்பத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன். முன்னெல்லாம் பார்க்க மாட்டேன். படிக்கற புள்ளையா, சரி வா, அவ்வளவுதான். இப்பத்தான் இப்படி. ஒருத்தி என்னை இப்படி ஆக்கிட்டுப் போயிட்டா.

டீ சொல்லட்டுமா? சர்க்கரை போடலாமா? சரி.

அதோ, அந்தக் கண்ணாடிக்கு அந்தாண்ட பாருங்க. மேஜை மேல சாம்பல் கலர்ல ஒரு பெட்டி இருக்குல்ல, பூத்துண்டு போட்டு மூடியிருக்கே, அதுதான். பார்த்தா ஏதோ ஸ்டெபிலைசர் மாதிரி இருக்கும். எலக்ட்ரோபொரேட்டர்னு பேரு. இந்தப் பக்கத்துக் காலேஜ் எதுலயும் கிடையாது. எல்லாரும் நம்மகிட்டதான் வந்து நிக்கணும்.

அது என்ன செய்யும்னா, ரொம்ப சிம்பிள் சார், உங்களுக்கே புரியும். செல்லு இருக்குல்ல, அதைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. வெளியில இருந்து நாம குடுக்கற ஜீனை அது உள்ள விடாது. அதனால என்ன பண்றோம், செல்லையும் ஜீனையும் ஒரு சொட்டுத் தண்ணியில கலந்து, ரெண்டு பக்கமும் உலோகத் தகடு வச்ச ஒரு குட்டி டப்பாவுல ஊத்தி, மெஷினுக்குள்ள சொருகி, பட்டனைத் தட்டுவோம். கரண்டு ஒரு நொடிகூட இல்லை, சும்மா தொட்டுட்டுப் போகும். அந்த அதிர்ச்சியில சவ்வுல ஓட்டை விழும். ஜீன் உள்ள போயிடும். ஓட்டை தானா மூடிக்கும். கரண்டு கம்மியா குடுத்தா ஓட்டையே விழாது. ஜாஸ்தியா குடுத்தா விழுந்த ஓட்டை மூடாது, செல்லு செத்துடும். ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு இடம் இருக்கு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கறதுதான் ஆராய்ச்சி.

நாங்க கையில எடுத்தது வாழை. ரஸ்தாளி. வாடல் நோய் கேள்விப்பட்டிருப்பீங்க. இலை மஞ்சளாகி, மடங்கி, மரத்தைச் சுத்திப் பாவாடை மாதிரி தொங்கிடும். ஒரு தடவை மண்ணுல வந்துட்டா போகாது, மருந்தும் கிடையாது. அந்த நோயைத் தாங்கற ஜீனை வாழை செல்லுக்குள்ள ஏத்திட்டா, அந்த செல்லுல இருந்து ஒரு கன்னு எடுத்துட்டா, முடிஞ்சுது கதை. அதுதான் என் புராஜெக்ட்.

அதுக்கு வந்து சேர்ந்தவதான் முத்துப்பேச்சி. ஏரல் பக்கம் ஒரு கிராமம். அப்பா பேரு கொம்பையா, வாழை விவசாயி. சொந்த நிலம் கிடையாது, குத்தகை. இன்டர்வியூவுல, "ஏன்மா இந்த புராஜெக்ட்ல சேரணும்கறே?"ன்னு கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் நாட்டுக்கு, விஞ்ஞானத்துக்குன்னு ஏதாவது சொல்லும். இவ சொன்னா, "எங்க தோட்டத்துல வாடல் வந்துருக்கு சார்." அவ்வளவுதான். எனக்குப் பிடிச்சுப் போச்சு. பக்கத்துல இருந்த பேராசிரியர்கள் எல்லாம் சிரிச்சாங்க. நான் சேர்த்துக்கிட்டேன். மகள் மாதிரி பார்த்துக்கிட்டேன் சார். பொய் சொல்லலை. பொங்கலுக்கு என் வீட்டம்மா சேலை எடுத்துக் குடுத்திருக்கா.

மெஷின் வந்து இறங்கின அன்னிக்குச் சந்தனம் குங்குமம் வச்சுச் சூடம் காட்டினோம். முதல் பட்டனை நீயே தட்டும்மான்னேன். கையைத் துடைச்சுட்டுத் தட்டினா. டப்புன்னு வெடிச்சுது, கேப்பு வெடி மாதிரி. தண்ணியில உப்பு கூடியிருந்தா அப்படி ஆகும். எல்லாரும் பதறிட்டாங்க. "அபசகுனம் ஒண்ணும் இல்ல சார், உப்பு"ன்னா அவ. தைரியமான புள்ளதான். அதையெல்லாம் நான் இல்லைங்க மாட்டேன்.

அப்புறம் வேலை. வாழை செல்லுக்கு வெளியில சவ்வுக்கும் மேல ஒரு சுவர் இருக்கும் சார், அதைக் கரைச்சு எடுத்து, வெறும் செல்லா உருட்டி எடுக்கணும். ஊதினா உடைஞ்சுடும். அதைப் பக்குவமா எடுத்துட்டு வந்து கரண்டு குடுத்தா, சாகும். மறுபடி எடுப்பா, மறுபடி சாகும். அந்த வருஷம் பூராவும் இதேதான். காலையில வந்தா செத்த செல்லைக் கொட்டிக் கழுவறதுதான் முதல் வேலை. நான் சொன்னேன், கரண்டைக் கூட்டு. அவ, "கூட்டினா இன்னும் சாகும் சார்"ம்பா. சாகட்டுமே! லட்சக்கணக்குல இருக்கு. அத்தனையும் செத்து ஒண்ணு பொழைச்சா அந்த ஒண்ணு போதும் நமக்கு. நான் சொன்னது தப்பா? அவ முகம் சுண்டிப் போயிடும். விவசாயி மக பாருங்க, ஒண்ணு செத்தாலும் மனசு தாங்காது. எனக்கு மேலிடத்துல பதில் சொல்லணும். ரிவ்யூ கமிட்டி வரப் போகுது. அவங்ககிட்டப் போய், "பாவம் சார், செல்லெல்லாம் செத்துப் போச்சு"ன்னு நான் அழ முடியுமா?

கூட்டினா. கடைசியில என் பேச்சைக் கேட்டுக் கூட்டினா.

அப்பத்தான் மின்னுச்சு.

இதைச் சொல்லணும். ஜீன் உள்ள போயிருச்சான்னு எப்படித் தெரியும்? அதுக்காக அந்த ஜீனோட கூடவே இன்னொண்ணு சேர்த்து அனுப்புவோம். கடல்ல ஜெல்லிமீன்னு ஒண்ணு இருக்கு, அதுல இருந்து எடுத்தது. அது உள்ள போன செல்லு மேல நீல வெளிச்சம் அடிச்சா பச்சையா மின்னும். அன்னிக்கு மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சேன். அடடா! கும்மிருட்டுல மின்மினி மாதிரி, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு சார். இத்தனை வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

டிபார்ட்மென்ட் முழுக்க ஸ்வீட் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச நிருபர் ஒருத்தரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பேச்சி வந்து, "சார், இன்னும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லலாம் சார்"னா. "அவர் கேமராவோட கிளம்பிட்டாரும்மா"ன்னேன். மறுநாளே பேப்பர்ல வந்துருச்சு. வாடல் நோய் தாங்கும் ரஸ்தாளி, பேராசிரியர் சாதனைன்னு. நான், மெஷின், பக்கத்துல அவ. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கறோம், அவ மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா. வெக்கம்னு நினைச்சேன்.

ரெண்டு நாள்ல அவங்க அப்பா வந்துட்டார். தோள்ல ஒரு வாழைத்தார். அத்தனை தூரம் பஸ்ஸுல தூக்கிட்டு வந்திருக்கார். செருப்பை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு நிக்கறார். "ஐயா, பேப்பர்ல போட்டிருக்கானுவளே, நெசந்தானா?" நான், "உங்க பொண்ணுதான் செஞ்சா, உள்ள வாங்க"ன்னேன். மைக்ராஸ்கோப்புல காட்டினேன். அவருக்கு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கத் தெரியலை. ரொம்ப நேரம் பார்த்தார். "பச்சையா தெரியுதுய்யா"ன்னார். அழுதுட்டார் சார், அங்கயே. இந்தப் பக்கம் பேச்சி, "எப்பா, இது இன்னும் முடியலப்பா"ன்னு அவர் கையைப் பிடிச்சு இழுக்கறா. அவர் காதுலயே வாங்கலை.

"கன்னு எப்பம்யா கெடைக்கும்?"ன்னார். அடுத்த வருஷம்னேன். ஒரு விவசாயி அப்படி நின்னு கேக்கும்போது வேற என்ன சொல்றது? இந்த வாடலுக்கப்புறம் அவர் குத்தகையை விட்டுட்டு திருப்பூருக்கு, மச்சான்கிட்ட வேலைக்குப் போறதா இருந்திருக்கார். "நிலத்தை மட்டும் விட்டுடாதீங்க. கன்னு வந்தா வைக்க இடம் வேணும்ல"ன்னு சொன்னேன். நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார்.

டீ வந்துருச்சு, எடுத்துக்கோங்க. சூடா இருக்கு.

அதுக்கப்புறம்தான் சார் ஆரம்பிச்சுது. ஒரு லீவு நாள்ல எனக்குத் தெரியாம லேப்புக்கு வந்து இவ ஒரு வேலை பண்ணியிருக்கா. ஜீனே போடாம, வெறும் செல்லை மட்டும் டப்பாவுல ஊத்தி, அதே அளவு கரண்டைக் குடுத்திருக்கா. குடுத்துட்டு மைக்ராஸ்கோப்புல பார்த்திருக்கா. மறுநாள் காலையில, இதோ நீங்க உட்கார்ந்திருக்கீங்கள்ல, இதே நாற்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டுச் சொல்றா.

"ஜீன் போடாததும் மின்னுது சார்."

"என்னம்மா சொல்றே?"

"சாகற செல்லு தானாவே பச்சையா மின்னுது சார். நாம பார்த்ததெல்லாம் செத்த செல்லு. உள்ள ஒண்ணும் போகலை. வாங்க சார், வச்சிருக்கேன், நீங்களே ஒரு தடவை பாருங்க."

நான் போகலை. எதுக்குப் போகணும் சார்? நீங்க சொல்லுங்க. நான் சொன்னது ஜீன் போட்ட செல்லைப் பத்தி. ஜீன் போடாத செல்லைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனா? இல்லை. அது மின்னினா என்ன, மின்னாட்டி என்ன? உனக்கு யார் இந்த வேலையைக் குடுத்தது, கையில இருக்கறதை முடிக்காம இல்லாத ஒண்ணை ஏன் நோண்டறேன்னு கேட்டேன். கத்தலை. சாந்தமாத்தான் கேட்டேன்.

"எங்க அப்பாகிட்ட நீங்க சொல்லிருங்க சார்"னா. "நான் சொன்னா நம்ப மாட்டேங்காரு. மறுபடி ரஸ்தாளியே வைக்கப் போறாரு. மண்ணு பூரா வாடல் கெடக்கு சார்."

"அவர் நிலம், அவர் இஷ்டம். அதுல நான் எப்படித் தலையிடறது?"ன்னேன். ஒரு பேராசிரியர் அடுத்தவங்க குடும்ப விஷயத்துல தலையிட்டா நல்லாவா இருக்கும்?

ஆனா குடும்பம் என் ரூமுக்கே வந்துருச்சு. அவளே அப்பாவைக் கூட்டிட்டு வந்தா, என் வாயால சொல்ல வைக்கலாம்னு. ரெண்டு பேருக்கும் என் முன்னாலயே சண்டை.

"எப்பா, அதுல ஒண்ணுமே இல்லப்பா. செத்த செல்லுப்பா அது. இந்தத் தடவை நெல்லு போடுப்பா, இல்லேன்னா திருப்பூருக்குப் போயிருப்பா, ஒன் கால்ல விழுதேன்."

"நான் கண்ணால பார்த்தேன்ட்டீ. பச்சையா இருந்துச்சு."

"சார், சொல்லுங்க சார். நீங்களாவது சொல்லுங்க."

ரெண்டு பேரும் என்னையே பார்க்கறாங்க. அந்த மனுஷன் முகத்துல எவ்வளவு ஆசை தெரியுமா? அதைப் போய் உடைக்க எனக்கு மனசு வரலை சார். "ஆராய்ச்சின்னா ஏத்த இறக்கம் இருக்கும், நம்பிக்கையை விடக்கூடாது"ன்னு பொதுவா சொன்னேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா?"ன்னார். அவ சுவரோரமா நின்னு அந்தக் கண்ணாடி வழியா மெஷினைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

அப்புறம் கட்டுரை அனுப்பற நேரம். பத்திரிகைக்கு அனுப்பணும், ரிவ்யூவுக்கு முன்னால வந்தாகணும். முதல்ல அவ பேரைத்தான் போட்டேன். எந்த கைடு சார் அப்படிப் போடுவான்? என் பேரைக் கடைசியிலதான் வச்சேன். அவ கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. "என் பேரை எடுத்துருங்க சார்." எடுத்துட்டேன். வேற வழி? பேரே வேண்டாங்கறவளுக்கு லேப் சாவி எதுக்கு? சாவியைக் குடுத்துட்டுப் போம்மான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். துரத்திட்டார், துரத்திட்டார்னு வெளியில பேசிக்கறாங்க. நான் துரத்தலை. சாவியைத்தான் கேட்டேன்.

பட்டம் இல்லாம போயிட்டா. கோவில்பட்டியில ஏதோ ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பாட்டனி டீச்சராம். எவ்வளவு பெரிய ஆளா வந்திருக்க வேண்டிய புள்ள. பிடிவாதம் சார்.

அந்த வருஷம் கொம்பையா மறுபடியும் ரஸ்தாளிதான் வச்சார். குலை தள்ளற நேரம், மொத்தமா வாடல் அடிச்சுட்டுது. ஒரு மரம் மிச்சம் இல்லை. ஒரு தண்டை வெட்டி, சாக்குல சுத்தி இங்க எடுத்துட்டு வந்து, இந்த மேஜை மேல வச்சார். குறுக்க வெட்டின இடத்துல வளையம் வளையமா செவப்பு. பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. நம்மளைத் திட்டத்தான் வந்திருக்கார்னு நினைச்சேன். நான் நிலத்தை விடாதீங்கன்னுதானே சொன்னேன், வாழை வைங்கன்னு சொன்னேனா? அதைச் சொல்லலாம்னு வாயைத் திறக்கறேன், அதுக்குள்ள அவரே சொல்றார்.

"ஐயா, ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பொட்டச்சி மட்டும் பாதியில விட்டுட்டுப் போவாம இருந்திருந்தா, இந்நேரம் கன்னு வந்திருக்கும்லா? பெத்த அப்பன் வயித்துலயே மண்ணள்ளிப் போட்டுட்டா. அவ மொகத்துல இனி முழிக்க மாட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்க. படிக்காத மனுஷன். யார் யாரு எப்படின்னு எவ்வளவு சரியா புரிஞ்சு வச்சிருக்கார். நான் அதுல ஒண்ணும் பேசலை. அப்பா மக விவகாரம். தண்ணி குடுத்து, பஸ் ஏத்தி விட ஆள் அனுப்பினேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா, அவ ஒரு நாள் வந்தா. எதிர்பார்க்கவே இல்லை. மெலிஞ்சு போயிருந்தா. உட்காரும்மான்னா உட்காரலை. மறுபடி சேரணும்னு கேக்கத்தான் வந்திருக்கா, சேர்த்துக்கலாமேன்னு மனசுக்குள்ள இரக்கமாக்கூட இருந்துச்சு. ஆனா அவ அதைக் கேக்கலை.

"சார், கட்டுரை வேண்டாம், பட்டம் வேண்டாம். எங்க அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இதுல எம் மேல தப்பு இல்லைன்னு. வீட்டு வாசல்ல கால் வைக்க விட மாட்டேங்காரு சார். நீங்க சொன்னா நம்புவாரு. நீங்க சொன்னா மட்டும்தான் நம்புவாரு."

நான் யோசிச்சேன். சரிம்மா, தாராளமா சொல்றேன்னேன். இறுதி அறிக்கை போகணும், அதுல பழைய ஸ்காலர் கையெழுத்து கேக்கறாங்க. நீ அதுல போட்டுக் குடு, இந்த வாரமே நான் ஏரலுக்குப் போய் உங்க அப்பாகிட்டப் பேசறேன், நேர்லயே போறேன்னேன். இதுல என்ன சார் தப்பு? குடுத்து வாங்கறதுதானே? என் பக்கமும் ஒரு கஷ்டம் இருக்குல்ல?

அவ என்னைப் பார்த்தா. கோபம்கூட இல்லை சார் அந்த முகத்துல. சும்மா பார்த்தா. "வரேன் சார்"னுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் வரலை. போன் பண்ணினா எடுக்கறதில்லை. பொங்கலுக்குச் சேலை எடுத்துக் குடுத்த என் வீட்டம்மா பண்ணினாலும் எடுக்கறதில்லை. நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?

இதை எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்னா, உங்க பொண்ணு நல்லாப் படிக்கற பொண்ணு, உங்களையும் பார்த்தாலே தெரியுது, போஸ்ட் ஆபீஸ்ல ஒழுங்கா வேலை பார்த்து ஒழுங்கா வளர்த்திருக்கீங்க. கேள்வி கேக்கலாம், வேண்டாங்கலை. குடுத்த வேலையைப் பத்திக் கேக்கட்டும். அதுக்கு மேல போகக் கூடாது. இதை வீட்டுல வச்சுப் பக்குவமா சொல்லிடுங்க. மெஷின் சும்மாதான் கிடக்கு. புராஜெக்ட்டை ரெண்டாவது கட்டத்துக்கு நீட்டிக் குடுத்திருக்காங்க. அவ விட்ட இடத்துல இருந்து பாப்பா ஆரம்பிக்கலாம்.

என்ன கேட்டீங்க? கொம்பையாவா? இருக்கார் சார், நல்லா இருக்கார். நல்லான்னா, ஒண்டிக்கட்டைதான், பொஞ்சாதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துட்டா, மகளும் இப்ப கூட இல்லை. போன வாரம்கூட வந்திருந்தார். இந்தத் தடவை தார் இல்லை, கொண்டு வர ஏது? வெறுங்கையோட வந்து அந்த மூலையில நின்னார். "ஐயா, ஆத்தங்கரையோரமா வேற ஒரு நிலம் குத்தகைக்குப் பேசி முடிச்சுட்டேன். புது மண்ணு. இப்பைக்கு ரஸ்தாளியே வைக்கேன், ஒங்க கன்னு வந்ததும் மாத்திக்கிடுதேன். ஒங்களைத்தான் நம்பியிருக்கேன்"னார்.

எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு சார். இந்தக் காலத்துல ஒரு வாத்தியாரை யார் இப்படி நம்பறாங்க? அந்த ஒரு மனுஷனுக்காகவாவது இதை முடிச்சாகணும்னு தோணிப் போச்சு. அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

சரி, நேரமாச்சு. பொண்ணை உள்ள கூப்பிடுங்க. சேர்த்துக்கறேன்.